கொடுத்த வீடும் குடியிருக்கும் வீடும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கட்டடக்கலை என்று தலைப்பிட்டாலே நம் மேடைகளில் பேச்சு கோயிலுக்கும் கோட்டைக்கும் போய்விடுகிறது. இன்று நான் எடுத்துக்கொண்ட கட்டடத்துக்குக் கோபுரமும் இல்லை, கொத்தளமும் இல்லை. இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி, ஒரு மலசலகூடம். வாசல் சுவரில் ஒரு பலகை. அதில் பணம் தந்தவரின் பெயர். 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரக்கணக்கில் எழுந்த உதவி வீடு அது. எத்தனை வீடு, எத்தனை கோடி, எத்தனை மாதம் என்ற கணக்கெல்லாம் அறிக்கைகளில் நிறைய உண்டு. வீட்டுக்காரி எங்கே நின்று சமைக்கிறாள், கலியாணத்துக்குப் பந்தல் எங்கே போடுகிறார்கள், சுவர் வெடித்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற கணக்கு அவற்றில் அரிது. இன்றைக்கு அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

உதவியாக வரும் கட்டடத்தை அளக்க நான் ஒரே ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன். அந்த ஊர் மேசனும் ஓடாவியும் அதைப் பழுதுபார்க்க முடியுமா? பிள்ளைகள் வளர்ந்தபின் பக்கத்தில் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட முடியுமா? முடியும் என்றால் அது ஊரோடு ஒட்டிய வீடு. முடியாது என்றால், படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், திறப்புவிழா அன்றே அதற்கு வயது போகத் தொடங்கிவிடும். காலநிலை, பண்பாடு, செலவு எல்லாமே இந்தக் கேள்விக்குள் அடங்கும் என்பதுதான் என் கட்சி.

பறந்து வந்த வீடுகள்

முதலில் துருக்கிக்குப் போவோம். 1970 மார்ச்சில் கெடிஸ் பகுதியில் பெரிய நிலநடுக்கம். ஜெர்மனியிலிருந்து உதவியாக வந்தவை பாலியூரிதேன் நுரையால் செய்த கவிகை வீடுகள். இயந்திரத்தைக் கொண்டுவந்து, அச்சை ஊதிப் பெருக்கி, நுரையைப் பீய்ச்சினால் ஒரு வீடு தயார். 1975 செப்டெம்பரில் கிழக்குத் துருக்கியின் லிஜே நகரம் இடிந்தபோது ஒக்ஸ்பாம் அமைப்பும் இதே வழியைப் பின்பற்றியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் கெட்டித்தனமான வேலை. ஆனால் இயந்திரமும் இரசாயனமும் வந்து சேர்ந்து வேலை நடப்பதற்குள் மக்களும் அரசாங்கமும் வேறு ஏற்பாடுகளைச் செய்துவிட்டார்கள். நுரையோ இலகுவில் தீப்பற்றுவது. அடுப்பெரிக்கும் குடும்பத்துக்கு அதற்குள் என்ன பாதுகாப்பு? வட்டமான அந்த ஓட்டின் பக்கத்தில் ஒரு மாட்டுக்கொட்டிலைக்கூடச் சாய்த்துக் கட்ட முடியாது. ஓட்டை விழுந்தால் அடைக்க ஊரில் ஆளும் இல்லை, பொருளும் இல்லை.

இப்படிப்பட்ட அனுபவங்களைத் தொகுத்துப் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் இயன் டேவிஸ் 1978இல் ஒரு நூல் எழுதினார். 1982இல் ஐ.நா.வின் அனர்த்த நிவாரண அலுவலகம் உறைவிடம் பற்றி வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. இரண்டும் சொல்லும் சாரம் ஒன்றுதான்: அனர்த்தத்துக்குப் பிறகு வீடு கட்டுவதில் முதல் மூலதனம் தப்பிப் பிழைத்தவர்களின் சொந்த முயற்சியும் அவர்களின் உறவும் அயலும்தான். வெளியார் கொண்டுவரும் பெட்டி வீடு அதற்குப் பிறகுதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒவ்வொரு அனர்த்தத்தின்போதும் அந்தப் பெட்டி வீடு புதிய பெயரோடு திரும்ப வருகிறது.

சொந்த நாட்டுக்காரர் வரைந்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற பெருங்கலைஞர் 1940களின் நடுப்பகுதியில் லக்ஸர் அருகே புதிய கூர்னா என்ற கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். சீமெந்துக்கு எதிராக மண் கல்; இரும்புக்கு எதிராக நூபிய மேசன்கள் கைவிட்டுவிடாமல் வைத்திருந்த வளைவுக் கூரை. வெயிலுக்கும் வறுமைக்கும் பொருத்தமான கட்டடங்கள். ஆனால் பழைய கூர்னா மக்கள் குடிபெயர மறுத்தார்கள். பழங்காலக் கல்லறைகளின்மேல் இருந்த பழைய ஊரில்தான் அவர்களின் பிழைப்பு இருந்தது. கவிகைக் கூரையோ அவர்கள் கண்ணுக்குச் சமாதியை நினைவூட்டியது. கிராமத்தில் ஒரு பகுதிதான் கட்டி முடிந்தது. மண்ணை நேசித்த ஒருவருக்கே அதில் வாழப்போகிறவர்கள் தலையாட்டவில்லை. உள்ளூர்ப் பொருளைக் கையில் எடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி அந்த வீட்டாரின் சம்மதம்.

அக்கரையில் நடந்தது

பாக்கு நீரிணைக்கு அப்பால் நாகப்பட்டினக் கரையைப் பாருங்கள். 2004 டிசெம்பர் 26இல் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டு அரசு தொண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து, ஏறத்தாழ 325 சதுர அடியில், ஒன்றரை இலட்சம் இந்திய ரூபாய் அளவில் தளம் போட்ட கொங்கிறீற்று வீடுகளைக் கட்டுவித்தது. பெரும்பாலும் ஒப்பந்தகாரர் வேலை. ஒப்பந்தகாரருக்கு வேண்டியது மட்டமான, வெறுமையான நிலம். ஆகவே குடியிருப்பில் நின்ற நிழல் மரங்கள் தறிக்கப்பட்டன. அலையில் சேதமாகாத பழைய வீடுகள்கூடப் புதிய வீட்டுக்கு வழிவிட்டு இடிக்கப்பட்டன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மானிடவியலாளர் ஜெனிஃபர் டைன் பாரன்ஸ்டைன் இதை ஊர் ஊராக ஆராய்ந்து பதிந்திருக்கிறார்.

கரையோரக் குடியிருப்பில் மரநிழல் என்பது வேலைக்களம். வலை பொத்துவதும், மீன் காசு பிரிப்பதும், பஞ்சாயத்துப் பேசுவதும், பகலில் கிழவர் படுப்பதும் அங்கேதான். மரம் போனதும் அத்தனையும் 325 சதுர அடிக்குள் நுழைந்தாக வேண்டும். மேலே கொங்கிறீற்றுத் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, இரவெல்லாம் உள்ளே கக்குகிறது. வரிசை வரிசையாக, வாசலுக்கு நேரே வாசலாக வீடுகள். எதிர்வீட்டு நடுக்கூடம் நம் கண்ணில், நம்முடையது அவர்கள் கண்ணில். உப்புக்காற்று வீசும் கரையில் கம்பிக்குமேல் போதிய கனத்துக்குக் கொங்கிறீற்று மூடாவிட்டால் கம்பி துருவேறிப் பருத்து, தளத்தின் அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயரும். பெயர்ந்த தளத்தைச் சீர்செய்வது ஓலை மாற்றுவதுபோல அன்று. மீன்பிடிக்காரர் வருமானத்தில் அது பெருஞ்செலவு.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை அடித்தபோது ஓலைக் குடிசைகளும் ஓட்டு வீடுகளும் சிதறின. தளம் போட்ட வீட்டில் இருந்தவர்களுக்குத் தலைக்குமேல் கூரை இருந்தது. கொங்கிறீற்று வீடு வேண்டும் என்று கரையோர மக்கள் கேட்பதில் பயமும் உண்டு, மானமும் உண்டு. நகரத்தில் கொங்கிறீற்று வீட்டில் இருந்துகொண்டு, கிராமத்தவருக்கு மண் வீடுதான் அழகு என்று உபதேசிக்க நமக்கு உரிமை இல்லை. தளம் போட்டதில் தவறு இல்லை. அதன்மேல் வெப்பத் தடுப்புக்கு ஓடு பதிக்காமல் விட்டது, முன்னால் ஒரு விறாந்தை இறக்காதது, மரத்தைத் தறித்தது, வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காதது ஆகியவையே தவறு. இவை நான்கையும் தவிர்ப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

வன்னியின் மூன்று பாடங்கள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்திய அரசு 2010இல் 50,000 வீடுகளை அறிவித்தது. முதல் 1,000 வீடுகள் மாதிரித் திட்டமாக ஒப்பந்தகாரரைக் கொண்டு கட்டப்பட்டன. அடுத்து வந்த 45,000 வீடுகளுக்கு வேறு வழி எடுக்கப்பட்டது. 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய அந்தக் கட்டத்தில் குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை ரூபாய், வேலை முன்னேற முன்னேறத் தவணையாக, நேரடியாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. செஞ்சிலுவைச் சங்கமும் ஐ.நா. குடியிருப்பு அமைப்பும் வேறு சில நிறுவனங்களும் தொழில்நுட்ப உதவி தந்தன. கட்டுவித்தவர் வீட்டுக்காரர்.

இதனால் வந்த நன்மை கண்ணுக்குத் தெரியும். ஒரே அளவுப் பணத்தில் கட்டிய வீடுகள் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒருவர் கிழக்கு வாசல் வைத்தார். ஒருவர் ஒழுங்கையைப் பார்த்து வைத்தார். சாமி அறையை ஒருவரும் விடவில்லை, அது சில வீடுகளில் அலுமாரி அளவே இருந்தாலும். ஷெல் விழுந்து சிதைந்த வீட்டில் தப்பிய கதவு நிலையைக் கழுவித் துடைத்துப் புதுச்சுவரில் பூட்டியவர்கள் உண்டு. பனஞ்சலாகையும் வரிச்சும் கூரைக்கு ஏறின. எல்லாமே ஊர் மேசனுக்கும் ஓடாவிக்கும் தெரிந்த வேலை. நான் முதலில் சொன்ன கேள்விக்கு இந்த வீடுகள் பதில் சொல்லும்.

கஷ்டமும் இருந்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான அத்திவாரம் வெட்டினால் மணலும் கல்லும் மேசனும் எங்கிருந்து வரும்? விலை ஏறியது, கூலி ஏறியது. தவணைப் பணத்தைத் தாண்டிக் கட்டிய பலர் நகையை அடகு வைத்தார்கள், கடன்பட்டார்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு மேசனைப் பிடிப்பதும், லொறிக்காரரோடு பேரம் பேசுவதும், இரவில் சீமெந்துக்குக் காவலிருப்பதும் தனிச்சுமை. இன்னொன்று, நாள்காட்டி. ஆடி, மார்கழி போன்ற மாதங்களில் நம்மவர் அத்திவாரக்கல் வைக்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை குழியை நிரப்பிவிடும். மிஞ்சுவது தையும், சித்திரை, வைகாசியும்தான் என்பது ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும். கொழும்பிலோ டெல்லியிலோ போடும் தவணை அட்டவணைக்கு அது தெரியாது. நாள் பார்க்கும் சமூகத்துக்குத் தைப்பொங்கலுக்கு முன்பே முதல் தவணை கையில் இருக்க வேண்டும். இது மூடநம்பிக்கையா இல்லையா என்பது வேறு விவாதம். திட்டமிடுகிறவருக்கு இது மழையைப்போல ஒரு கள நிலவரம்.

இரண்டாவது பாடம் உருக்கு வீடு. 2016ஆம் ஆண்டளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை ஆர்சலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு அமைக்க இலங்கை அரசு முன்வந்தது. ஒரு வீட்டின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். அரைவாசிச் செலவில் கல்வீடு கட்டலாம் என்று நம் பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் வாதிட்டார்கள். விறகடுப்புக்கும் புகைக்கும் இடமில்லை, பின்னால் ஓர் அறை இறக்க முடியாது, உப்புக்காற்றில் உருக்கு எத்தனை காலம் நிற்கும், அத்திவாரம் போதுமா என்ற கேள்விகள் எழுந்தன. எதிர்ப்பு வலுக்க, திட்டம் சுருங்கிக் கடைசியில் கைவிடப்பட்டது. 2018இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 40,000 வீடுகள் கொடுக்கப்படவிருந்தபோதும் எங்களுக்குக் கல்வீடே வேண்டும் என்ற குரல் திரும்ப ஒலித்தது.

கல்வீடு என்று அந்த மக்கள் பிடிவாதம் பிடித்ததை வெறும் பழமைப் பற்று என்று சிலர் எழுதினார்கள். அவர்கள் பணத்தின் வழியைப் பார்க்கவில்லை. உருக்குத் தகடு வெளியே வாங்கப்படுகிறது. காசு வந்த வழியே திரும்பிப் போகிறது. கல்வீட்டுக் காசு கல் அரிகிறவருக்கும், மணல் ஏற்றுகிறவருக்கும், மேசனுக்கும், கையாளுக்கும், ஓடாவிக்கும், தேநீர்க் கடைக்கும் போகிறது. போரில் எல்லாம் இழந்த பிரதேசத்தில் வீடு கட்டும் வேலையே பாதி நிவாரணம். தான் தரும் உதவியால் தன் தொழிற்சாலைக்கே வேலை தேடிக்கொள்ளும் நாடுகளுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை.

மூன்றாவது பாடம் குசினி. இதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். வரைபடத்தில் குசினி வீட்டின் பின்மூலையில், அதே கூரைக்குக்கீழ், மண்டபத்தை ஒட்டி இருக்கும். சீமெந்து மேடை, ஒரு சின்ன யன்னல். நகரத்துக் காஸ் அடுப்புக்கு அது போதும். வன்னியில் எரிவது விறகு, பனைமட்டை, ஊமல், தென்னம்பாளை. முதல் மாதத்திலேயே புதுச்சுவர் கறுக்கிறது, புகை மண்டபத்துக்குள் திரும்புகிறது, கைக்குழந்தை இருமுகிறது. வீட்டுக்காரி என்ன செய்வாள்? பின்வளவில் நாலு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து ஒரு கொட்டில் போடுவாள். களிமண்ணால் அடுப்புப் போட்டு, சோளகம் அடிக்கும் பக்கத்துக்கு ஓலைத்தட்டி மறைப்பாள். உதவிப் பணத்தில் கட்டிய குசினியில் நெல்மூட்டையும் சைக்கிளும் நிற்கும். அறிக்கையில் அது குசினி என்றே பதிவாகும்.

இதற்குத் தீர்வு கஷ்டமானதல்ல. குசினியை வீட்டிலிருந்து நாலடி தள்ளி, நடுவில் ஒரு மூடிய நடையோடு இணைக்கலாம். அல்லது மேல்பாதி திறந்த சுவரும், உயர்த்திய கூரையும், ஒழுங்கான புகைபோக்கியும் வைக்கலாம். தென்மேற்குச் சோளகமும் வடகிழக்கு வாடையும் எந்தப் பக்கம் அடிக்கும் என்று அறிந்து அடுப்பை வைத்தால் புகை தானே வெளியே போகும். எங்கள் பழைய வீடுகளில் குசினி தனியே நின்றதற்குக் காரணமே இதுதான்: புகையும் தீயும் வீட்டுக்கு வரக்கூடாது.

மரபுக்கும் பரீட்சை உண்டு

இவ்வளவும் கேட்டபின், பழையதெல்லாம் நல்லது, வெளியிலிருந்து வருவதெல்லாம் கெட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1993 செப்டெம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பகுதி குலுங்கியபோது பத்தாயிரம் பேரளவில் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது பரம்பரை வீடுகள்: சேற்றுச் சாந்தில் அடுக்கிய பருமனான கருங்கற் சுவர், அதன்மேல் மண் பரப்பிய பாரமான கூரை. வெயிலுக்குக் குளிர்ச்சி, நிலநடுக்கத்துக்கு எமன். அதற்கு மாறாக 2001இல் குஜராத்தின் கச்சுப் பகுதியில் புங்கா எனப்படும் வட்ட மண்வீடுகள் பல தாக்குப்பிடித்தன. 2005 காஷ்மீர் நிலநடுக்கத்தில் மரச்சட்டத்துக்குள் சிறு கல்லும் மண்ணும் அடைத்த தஜ்ஜி வீடுகள் நன்றாக நின்றன. பாகிஸ்தானின் புனரமைப்பு அதிகாரசபை பிறகு அந்த முறையை அங்கீகரித்து உதவிப்பணம் கொடுத்தது. ஆக மரபு என்பது ஒற்றைப் பொருள் இல்லை. ஒவ்வொன்றையும் பொறியியல் அறிவால் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மேலே ஊற்றும் தண்ணீர் இலகுவில் நிலத்தடி நீரோடு கலந்துவிடும். அந்த நீர்தான் கிணற்றில் ஊறுகிறது, அதைத்தான் குடிக்கிறோம். பெரிய வளவில் கிணறு ஒரு மூலையிலும் மலசலகூடம் எதிர்மூலையிலும் இருந்த காலம் போய், இரண்டு பரப்புக் காணிகளில் வீடுகள் நெருங்கிவிட்டன. ஊர் மேசன் தனக்குத் தெரிந்தபடி அடிப்பக்கம் திறந்த மலக்குழியை வெட்டுவார். அது அயல்வீட்டுக் கிணற்றுக்கு ஆகாது. இந்த இடத்தில் மேசனின் அனுபவம் போதாது. நீரியல் தெரிந்தவர் வந்து, அடி மூடிய தொட்டியும் வடிகட்டும் படுகையும் போடச் சொல்ல வேண்டும். ஆகவே நான் முதலில் வைத்த கேள்வியோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். ஊர் மேசனுக்குத் தெரியாததை அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்களா? நல்ல உதவித் திட்டம் ஊரில் வீட்டையும் விட்டுப்போகும், கைத்திறனையும் விட்டுப்போகும்.

செய்து காட்டியவர்கள்

இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டால், மூன்று பேரைச் சொல்வேன்.

ஒருவர் புர்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ் கேரே. பேர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோதே 1998இல் ஒரு சங்கம் அமைத்து, ஜெர்மனியில் பணம் சேர்த்து, தன் ஊருக்கு ஆரம்பப் பள்ளி கட்டினார். 2001இல் பள்ளி முடிந்தது. பணம் ஐரோப்பாவினது, படிப்பும் ஐரோப்பாவினது, கட்டடம் காண்டோவினது. களிமண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து அழுத்திச் செய்த கல். மழைக்குக் கரையும் மண்ணையா கட்டப்போகிறாய் என்று ஊரார் கேட்டார்கள். ஜெர்மனியில் படித்தவன் கண்ணாடி மாளிகை கட்டுவான் என்று எதிர்பார்த்தவர்கள் அவர்கள். கேரே ஒரு மாதிரி வளைவைக் கட்டி, அதன்மேல் ஏறிக் குதித்துக் காட்டினார். கல் சுமந்ததும் மண் அழுத்தியதும் தரை அடித்து இறுக்கியதும் ஊர் மக்கள்.

கூரையைக் கவனியுங்கள். அங்கேயும் நம்மைப்போலத் தகரம்தான். ஆனால் தகரத்தை வகுப்பறையின் தலையில் நேரே வைக்கவில்லை. கீழே துவாரம் விட்ட மண்கல் உட்கூரை. அதற்குமேல் சாதாரணக் கொங்கிறீற்றுக் கம்பிகளை ஒட்டிச் செய்த சட்டகம். அந்தச் சட்டகத்தின்மேல் சுவருக்கு வெளியே நன்றாக நீண்டு நிற்கும் தகரம். வகுப்பறையின் சூடான காற்று துவாரம் வழியே மேலேறி, இடைவெளியால் வெளியேறுகிறது. நீண்ட தகரம் மழையிலிருந்து மண்சுவரைக் காக்கிறது. பாரந்தூக்கி இல்லாத ஊரில் கைவாளும் சிறிய ஒட்டு இயந்திரமும் போதுமானவையாக அது வடிவமைக்கப்பட்டது. இந்தப் பள்ளிக்கு 2004இல் ஆகா கான் விருது கிடைத்தது. 2022இல் கேரே, கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் ஆபிரிக்கரானார். நமது வன்னிப் பள்ளிகளில் வைகாசி மாதம் மத்தியானம் தகரக் கூரைக்குக்கீழ் உட்கார்ந்து படித்த பிள்ளைகளுக்கு இந்தக் கூரையின் அருமை விளங்கும்.

அடுத்தவர் பாகிஸ்தானின் கட்டடக்கலைஞர் யாஸ்மின் லாரி. கராச்சியில் கண்ணாடியும் கொங்கிறீற்றுமாகப் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டிய கை. 2005 நிலநடுக்கத்துக்கும் 2010 வெள்ளத்துக்கும் பிறகு மூங்கில், மண், சுண்ணாம்பு என்று திரும்பியது. அவர் வடிவமைத்த அடுப்பு தரையிலிருந்து உயர்ந்த மண்மேடையில் நிற்கிறது. வெள்ளம் வந்தால் நனையாது, புகை முகத்தில் அடிக்காது, பெண்களே கட்டிக்கொள்ளலாம், தங்கள் கோலத்தை அதில் வரைந்துகொள்ளலாம். கட்டும் முறையை ஒரு கிராமத்துப் பெண் அடுத்த கிராமத்துப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். 2023இல் பிரித்தானியாவின் அரச தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

மூன்றாமவர் முழு வெளிநாட்டார், ஜப்பானியரான ஷிகேரு பான். சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையில் முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்கு வீடு வரைந்தார். அழுத்திய மண்கல்லும் இறப்பர் மரமும் இந்த நாட்டுப் பொருட்கள். வீட்டின் நடுவே கூரை போட்ட திறந்த முற்றம். காற்று ஓடும், அங்கே சாப்பிடலாம், வலை திருத்தலாம். ஆண் விருந்தினர் வந்தால் பெண்கள் தனியே புழங்க வழி வைத்தார். ஒரு சமூகத்தின் பழக்கத்தை மதித்து வரையும் ஆற்றலுக்குப் பாஸ்போட் தேவையில்லை, காது தேவை என்பதற்கு அவர் சாட்சி.

நாமும் இப்போது கொடுப்பவர்கள்

கடைசியாக ஒன்று. வெளிநாட்டு உதவி என்றதும் தூதரகங்களை நினைத்து நாம் கைகழுவிவிட முடியாது. இன்று வடக்கின் கிராமங்களுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பங்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் நம்மவருடையது. ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் தர்மகர்த்தாக்கள். பணத்தோடு வரைபடமும் வருகிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட சனசமூக நிலையம். திறக்க முடியாத யன்னல் வைத்த வாசிகசாலை. குளிரூட்டி இல்லாமல் ஒருமணி நேரம் இருக்க முடியாத மண்டபம். மின்கட்டணம் யார் கட்டுவது என்று தெரியாமல் அவை பூட்டிக் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கனடாவின் குளிருக்கு வெயிலை உள்ளே விடக் கண்ணாடி வேண்டும். அனல் வீசும் கிளிநொச்சிக்கு வெயிலை வெளியே நிறுத்தத் தாழ்வாரம் வேண்டும். கொடுப்பவர் நம் இரத்த உறவாக இருந்தாலும் தூரம் தூரம்தான். பிறந்த ஊரென்றாலும் முப்பது வருடத்தில் ஊரும் மாறியிருக்கும், அவரும் மாறியிருப்பார்.

அதனால் கொடுக்கும் உறவுகளிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரைபடம் அனுப்புவதற்கு முன், அந்தக் கட்டடத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கப்போகிறவரையும் கேளுங்கள், அங்கே இருந்து படிக்கப்போகிற பிள்ளையையும் கேளுங்கள். காணியில் நிற்கும் வேம்பையும் பூவரசையும் வரைபடத்தில் முதலில் குறியுங்கள், பிறகு சுவரை வரையுங்கள். மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கட்டி முடிந்தபின் வரும் பழுதுக்கென்று ஊர் வங்கியில் போடுங்கள். திறப்புவிழாவுக்கு வருவதைவிட, மூன்று வருடம் கழித்து ஒரு மாரியிலும் ஒரு கோடையிலும் வந்து அந்தக் கட்டடத்தில் ஒரு பகல் இருந்து பாருங்கள். வந்த பலன் அன்றைக்குத் தெரியும்.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். இந்த மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் உதவி வீடு இருக்கும். நாடாவை எடுத்துக்கொண்டு போய், வரைபடத்தில் என்ன இருந்தது, வீட்டுக்காரர் எதை மாற்றினார், எதைக் கூட்டினார், எதை மூடினார் என்று அளந்து வாருங்கள். அவர்கள் இறக்கிய ஒவ்வொரு தாழ்வாரமும் வரைந்தவருக்குச் சொன்ன ஒரு திருத்தம். அந்தத் திருத்தங்களைத் தொகுத்தால், அடுத்த அனர்த்தம் வரும்போது எவர் பணத்தோடு வந்தாலும், எங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கையில் கொடுக்க நம்மிடம் ஒரு நூல் இருக்கும். இன்றுவரை அப்படியொன்று நம் கையில் இல்லாததால்தான் ஒவ்வொரு முறையும் மற்றவர் வரைந்ததற்கு வேண்டும், வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கட்டடம் கட்டித் தரும் பெரியவர்களே, வாசலில் கல்வெட்டுப் பதிக்கும்போது உங்கள் பெயரை எழுதுங்கள். அது உங்கள் உரிமை. அதற்குக் கீழே கட்டிய மேசனின் பெயரையும் ஓடாவியின் பெயரையும் ஊரின் பெயரோடு எழுதிவையுங்கள். சுவர் வெடிக்கும் நாளில் கூப்பிட வேண்டியது அவர்களைத்தான்.